பேராதனையில் ஒரு நாள்: காத்திருக்கும் பிள்ளைக்கு என்ன வேலை?

வன்னியில் வாழும் எங்களுக்கு ஏ9 வீதியைப் பற்றி யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அது 2002 இல் திறந்ததையும், 2006 ஓகஸ்டில் மூடியதையும், 2009 இற்குப் பிறகு மீண்டும் திறந்ததையும் எங்கள் சொந்த வாழ்வின் கணக்காகவே வைத்திருக்கிறோம். ஆனால் அந்த வீதியை எங்கள் பெரியவர்கள் ‘கண்டி றோட்’ என்றுதான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் அந்த வீதி போய் முடியும் இடம் கண்டி. ஐம்பது வயதை நெருங்கும் வரை, எங்கள் வீட்டுப் படலையிலிருந்து இரண்டு மைல் தள்ளி ஓடும் அந்த வீதியின் மறுமுனையை நான் பார்த்ததில்லை.

2023 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். சுற்றுலாவுக்கு அல்ல. ஒரு முடிவெடுப்பதற்காகப் போனேன்.

மகள் உயிரியல் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதியிருந்தாள். அது 2022 ஆம் ஆண்டுக்கான பரீட்சை. கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் எல்லாவற்றையும் பின்தள்ளியதால் 2023 ஜனவரி கடைசியில் தொடங்கி பெப்ரவரியில் முடிந்தது. பெறுபேறு எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. வந்த பின்பும் வெட்டுப்புள்ளி, விண்ணப்பம், பதிவு என்று பல மாதம் போகும். உயர்தரம் எழுதிய பிள்ளை பல்கலைக்கழக வாசலை மிதிக்க ஒரு வருடத்துக்கு மேல் எடுப்பது எமது நாட்டில் புதிய விடயம் அல்ல.

என் மகளுக்கு வைத்தியராக வேண்டும் என்ற ஆசை. வீட்டில் உழைக்கும் ஆள் நான் ஒருத்திதான். தையல் மெசினும் பத்துப் பதினைந்து கோழியும் எங்கள் வருமானம். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய நுண்கடன் ஒன்றும் இருந்தது. அந்தக் கடன்காரர் வரும் நாள் எங்கள் ஊரில் எத்தனை வீட்டுக் கதவு பூட்டிக் கிடக்கும் என்பது இதை வாசிக்கும் சகோதரிகள் பலருக்குத் தெரியும். ஆகவே ‘பெறுபேறு வரும்வரை பிள்ளை சும்மா இருக்கட்டும்’ என்று சொல்ல எனக்கு வழியில்லை. அவளும் அப்படி இருக்க விரும்பவில்லை.

அவளுக்கு முன்னால் மூன்று வேலைகள் இருந்தன. ஒன்று ஆடைத் தொழிற்சாலை. வாகனம் ஊருக்கே வந்து ஏற்றிப் போகும். சம்பளம் மூன்றிலும் கூட. இரண்டாவது, அயலிலுள்ள பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் கணிதமும் ரியூசன் கொடுப்பது. மூன்றாவது, வவுனியா நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் அரைநாள் வேலை; சம்பளம் குறைவு. கடன் கணக்கைப் பார்த்தால் தொழிற்சாலைதான் சரி என்று எனக்குப் பட்டது. மகள் ஒன்றும் பேசாமல் இருந்தாள்.

என் கணவரின் தமக்கையின் மகள் பேராதனை வைத்தியபீடத்தில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவளும் இரண்டாம் தடவையில்தான் உள்ளே போனவள். தொலைபேசியில் விடயத்தைச் சொன்னபோது, “மாமி, முடிவெடுக்க முதல் மச்சாளை ஒருக்கா இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றாள்.

விடியப்புறம் வவுனியாவில் பஸ் ஏறினோம். மதவாச்சி, தம்புள்ளை கடந்து மாத்தளை வந்ததும் காற்று மாறியது. வெக்கையில் வளர்ந்த எங்களுக்கு அந்தக் குளிர் புதிது. கண்டியில் இறங்கி இன்னொரு பஸ் எடுத்தால் பேராதனை ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர். கெட்டம்பே தாண்டியதும் மகாவலி கங்கை தெரியும். எங்கள் பக்கத்துக் குளங்களைப் போலன்றி அது சத்தத்தோடு ஓடுகிறது. அன்று மழை பெய்திருந்ததால் தண்ணீர் தேயிலைச் சாயம் போல் இருந்தது.

மருமகளுக்கு மத்தியானம் வரை வகுப்பு. அதுவரை தாவரவியல் பூங்காவைப் பார்க்கச் சொல்லியிருந்தாள். 147 ஏக்கர் நிலத்தை மூன்று பக்கமும் மகாவலி வளைத்துக்கொண்டு போகிறது. 1821 இல் அலெக்சாண்டர் மூன் என்பவர் இதைத் தாவரவியல் பூங்காவாகத் தொடக்கினார். இரண்டு பக்கமும் தூண் வைத்தது போல் உயர்ந்து நிற்கும் பனைச்சாதி மரங்களின் வீதியில் நடந்தபோது மகள், “அம்மா, எங்கட பனையின்ர பணக்காரச் சொந்தக்காரர் போல இருக்கு” என்று சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 இல், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இந்தப் பூங்காவில்தான் இயங்கியது. யுத்தத்துக்குக் கட்டளை போன இடத்தில் இன்று பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகப் போகிறார்கள். மனிசர் விட்டுப் போனால் நிலம் தன்பாட்டில் ஆறிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே இரட்டைத் தேங்காய் காய்க்கும் சீசெல்ஸ் தீவு மரமும் உண்டு. உலகத்திலேயே பெரிய விதை அதனுடையது. ஒரு காய் முற்ற ஆறேழு வருடம் எடுக்குமாம். வைத்தியப் படிப்பும் அந்தக் கணக்குத்தான். பட்டப்படிப்பு ஐந்து வருடம், அதன் பின் உள்ளகப் பயிற்சி ஒரு வருடம். அனுமதி கிடைத்தாலும் அந்த ஐந்து வருடமும் பிள்ளையிடமிருந்து வீட்டுக்குச் சம்பளம் வராது. இதைத் தாய்மார் முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும். மகாபொல புலமைப்பரிசிலோ உதவிப்பணமோ கிடைத்தால் பிள்ளையின் கைச்செலவுக்கு ஓரளவு உதவும். படிப்புக்குக் கட்டணம் இல்லை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் வந்த இலவசக் கல்வி இல்லாவிட்டால் எங்களைப் போன்ற வீடுகளில் இந்தப் பேச்சே எழுந்திராது.

பூங்காவிலிருந்து கலஹா சந்திக்கு நடந்தோம். அங்கிருந்து பல்கலைக்கழகம் தொடங்குகிறது. மதில் கட்டி மறைத்த இடம் அல்ல. ஹந்தானை மலையடியில் ஊர் போல விரிந்து கிடக்கிறது. 1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் இங்கே வந்தது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். மாணவர் விடுதிகளில் இராமநாதன், அருணாசலம் என்ற பெயர்களைக் கண்டதும் மகள் நின்று வாசித்தாள். நாட்டுக்கொரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 இலேயே இயக்கம் தொடங்கியவர்களில் பொன்னம்பலம் அருணாசலம் முதன்மையானவர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் எமது நாட்டுக்கூத்துகளைப் புதுமெருகோடு மேடையேற்றியதும் இந்த மண்ணில்தான். மேட்டிலே குறிஞ்சிக்குமரன் கோவில் இருக்கிறது. தூர இடத்துக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்க்கு இப்படியான சின்ன விடயங்களும் ஆறுதல்.

வைத்தியபீடம் 1962 இல் தொடங்கியது. கொழும்புக்கு அடுத்ததாக நாட்டில் உருவான வைத்தியபீடம் இது. யாழ்ப்பாணத்தில் 1978 இல்தான் வந்தது. பேராதனைப் போதனா வைத்தியசாலை 1980 இல் ஏற்பட்டது. மருமகள் அங்கே வெளிநோயாளர் பிரிவுக்கு வெளியே வாங்கில் இருக்கச் சொல்லியிருந்தாள். அந்த அரை மணித்தியாலத்தில் நாங்கள் கண்ட ஒரு விடயம்தான் எங்கள் பயணத்தின் பலன் என்று சொல்வேன்.

எங்களுக்குப் பக்கத்தில் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பாட்டி இருந்தார். கையில் ஒரு துண்டு. தாதி வந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். பாட்டிக்கு விளங்கவில்லை. தாதி கோபிக்கவில்லை, இரண்டாம் தரமும் மெதுவாகச் சொன்னார். அப்போதும் விளங்கவில்லை. பாட்டி என் மகளிடம் துண்டை நீட்டி, “பாப்பா, இதுல என்னா எழுதியிருக்குன்னு சொல்லும்மா” என்றார். அது ஆங்கிலத்தில் இருந்தது. வெறும் வயிற்றில் செய்யும் சீனிப் பரிசோதனை என்று மகள் வாசித்துச் சொன்னாள். ஆனால் எந்த நாள், எந்த இடத்தில் என்று தாதி சொன்னது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு சிற்றூழியப் பெண் வாளியை வைத்துவிட்டு வந்தார். “ஆத்தா, நாளைக்கு விடிய ஒண்ணும் சாப்பிடாம வரணும். தேத்தண்ணியும் குடிக்கப்படாது. அந்தக் கடைசி ரூமுக்கு வரணும்” என்றார். பாட்டி தலையாட்டினார். தாதியும் சிரித்தார். சிற்றூழியப் பெண் மீண்டும் வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

மகள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அம்மா, எழுதியிருந்தது எனக்கு விளங்கினது. அவ சொன்னது விளங்கேல்லை. அந்தத் தரை துடைக்கிற அக்காதான் இண்டைக்கு டொக்டர் வேலை பார்த்தவ” என்றாள்.

மருமகள் வந்ததும் தேநீர்க்கடையில் இருந்து பேசினோம். அவள் சொன்னதை வாசகிகளுக்காக ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

எமது நாட்டில் வைத்தியபீடத்துக்கு அனுமதி தருவது இசட் புள்ளி மட்டுமே. பல்கலைக்கழக அனுமதியில் இது 2001 அளவில் நடைமுறைக்கு வந்தது. இடங்களில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்திலும், மீதி 5 கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. வட கிழக்கு மாவட்டங்கள் எல்லாம் அந்தப் பதினாறுக்குள் அடங்கும். பாடசாலை முடித்த பிள்ளை மூன்று தடவை வரை பரீட்சைக்குத் தோற்றி அனுமதி கேட்கலாம்.

வேறு நாடுகளில் முறை வேறு. அமெரிக்காவில் வைத்தியக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க முதல் பலர் ஓரிரண்டு வருடம் வைத்தியசாலையிலோ நோயாளர் காவு வண்டியிலோ வேலை செய்கிறார்கள். அந்த அனுபவம் விண்ணப்பத்தில் மதிக்கப்படுகிறது. இங்கிலாந்திலும் நேர்முகத்தில் அதைக் கேட்பார்கள். தமிழ்நாட்டில் நீட் தேர்வு வந்த பின், ஒரு வருடம் வீட்டில் நின்று பயிற்சி வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் பலர். “எங்களுக்கு வேலை செய்ததுக்கு ஒரு புள்ளியும் கூட்டித் தரமாட்டினம் மாமி. ஆனபடியால் விண்ணப்பத்துக்காக வேலை தேட வேண்டாம். ரெண்டு கேள்வி மட்டும் கேளுங்கோ. கம்பஸ் கிடைச்சால் இந்த வேலை உதவுமா? கிடைக்காட்டியும் உதவுமா? ரெண்டுக்கும் ஓம் எண்டால் செய்யலாம்” என்றாள் மருமகள்.

வைத்தியபீடத்தில் படிப்பு ஆங்கிலத்தில். நோயாளியோடு பேசுவது சிங்களத்திலும் தமிழிலும். வன்னியிலிருந்து போகும் பிள்ளைகள் முதல் வருடத்தில் தடுமாறுவது பாடத்தில் அல்ல, இந்த இரண்டு மொழியிலும்தான் என்று அவள் சொன்னாள். அவள் தன் காத்திருப்புக் காலத்தில் முதலுதவிப் பயிற்சி எடுத்திருக்கிறாள். இரத்தத்தைக் கண்டால் தனக்கு மயக்கம் வருமா, நோயாளியின் வாந்தியைத் துடைக்க மனம் வருமா என்று அங்கேதான் அறிந்துகொண்டாளாம். “படிக்கத் தொடங்கின பிறகு அது தெரியவந்தால் வீட்டாருக்கும் கஷ்டம், பிள்ளைக்கும் கஷ்டம்” என்றாள்.

நான் கடன் விடயத்தைச் சொன்னேன். அவள் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. “தொழிற்சாலை வேலை குறைவான வேலை இல்லை மாமி. எத்தினை வீட்டில் அடுப்பு எரியிறது அந்தச் சம்பளத்தில். ஆனால் விடிய ஐஞ்சு மணிக்குப் போய் இரவு வாற பிள்ளை புத்தகம் தொடமாட்டாள். ரெண்டாந்தரம் எழுத வேண்டி வந்தால் என்ன செய்யிறது?” என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அன்று இரவு கண்டியில் மருமகளுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தோடு தங்கி, அடுத்த நாள் ஊர் திரும்பினோம். வரும் வழியில் மகளே கணக்குப் போட்டாள். காலையில் மருந்துக்கடை. பின்னேரம் விறாந்தையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ரியூசன். இரவு இரண்டு மணித்தியாலம் தன் புத்தகம். இரண்டு வருமானத்தையும் கூட்டினாலும் தொழிற்சாலைச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தக் குறையை நான் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கேட்டுத் தீர்த்தேன். சங்கத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் எடுத்து, கிழமைக் கடனை ஒரேயடியாக அடைத்தேன். மாதத்துக்கு ஒரு தரம் கட்டுவது கிழமைக்கு ஒரு தரம் நடுங்குவதை விட எவ்வளவோ மேல்.

மருந்துக்கடையில் அவள் தானாக மருந்து கொடுக்கவில்லை. பதிவு பெற்ற மருந்தாளரின் கீழ் பெட்டி அடுக்குவது, பெயர் எழுதுவது, கணக்குப் பார்ப்பது அவள் வேலை. அந்த வருடம் மருந்து விலை எல்லாம் ஏறியிருந்தது. சில மருந்து கிடைக்கவும் இல்லை. ஒரு மாதத்துக்கு எழுதிய பிரஷர் குளிசையை, “ஒரு கிழமைக்கு மட்டும் தாங்கோ பிள்ளை” என்று வாங்கிப் போகும் வயதானவர்களை அவள் தினமும் கண்டாள். நோய் என்பது உடம்பில் மட்டும் இருப்பதல்ல, சீலைத் தலைப்பின் முடிச்சிலும் இருக்கிறது என்று அவளுக்கு அங்கே தெரிந்தது. அதே கடையில் வேலை செய்த ஒரு சிங்களப் பிள்ளையிடம் இவள் சிங்களம் பழகினாள். அந்தப் பிள்ளை இவளிடம் தமிழ் பழகியது. மூன்று மாதத்தில் “கோப்பி குடிச்சிட்டுப் பரிசோதனைக்குப் போகாதேங்கோ” என்று இரண்டு மொழியிலும் சொல்லக்கூடியதாக இருந்தது.

பெறுபேறு 2023 செப்டெம்பர் தொடக்கத்தில் வந்தது. இரண்டு பாடத்தில் பி, ஒன்றில் சி. வைத்தியபீடத்துக்குப் போதாது என்று அன்றே தெரிந்தது. அவள் அழுதாள், நானும் அழுதேன். அடுத்த பரீட்சை 2024 ஜனவரியில். இடையில் நான்கு மாதம் மட்டுமே. புத்தகத்தை முற்றாக மூடி வைத்த பிள்ளைக்கு அந்த நான்கு மாதம் போதாது. இவள் மூடாததால் துணிந்து இரண்டாம் தடவை எழுதினாள். மருந்துக்கடையை நிறுத்தினாள், ரியூசனை மட்டும் வைத்திருந்தாள்.

அந்தப் பெறுபேறு 2024 மே மாதக் கடைசியில் வந்தது. முன்னையதை விட நல்லது. ஆனாலும் வைத்தியபீட வெட்டுப்புள்ளிக்கு எட்டவில்லை. பேராதனையின் இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் தாதியியல் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தது. மூன்றாம் தடவை எழுதலாமா என்று இரண்டு கிழமை வீட்டில் பேச்சு நடந்தது. முடிவை அவளிடமே விட்டேன். “அம்மா, அந்தப் பாட்டிக்குப் பக்கத்தில நிக்கிறது நேர்ஸ்தானே. நான் போறன்” என்றாள். நான்கு வருடப் படிப்பு. ஆசைப்பட்டது கிடைக்கவில்லை என்ற கவலை அவளுக்கு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காத்திருந்த காலத்தில் அவள் சேர்த்த சிங்களமும், மருந்துப் பெயர்களும், நோயாளியோடு பேசும் பொறுமையும் வைத்தியபீடத்தின் வாசலில் விட்டுவிட்டு வரவேண்டிய பொருட்கள் அல்ல. அவை அவளோடு போயிருக்கின்றன.

சகோதரிகளே, இப்படிக் காத்திருக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். வேலைக்கு அனுப்ப முதல் சிலவற்றைக் கேட்டு அறியுங்கள். இருட்ட முதல் வீடு வரலாமா? சம்பளம் மாதாமாதம் கையில் வருமா? இத்தனை வருடம் நிற்க வேண்டும் என்று கையெழுத்துக் கேட்கிறார்களா? பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப்பிரதியை ஒருவரிடமும் வைத்துவிட்டு வர வேண்டாம், பிரதி போதும். வேலை விட்டு வரும்போது செய்த வேலையையும் காலத்தையும் எழுதி ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். முதலுதவிப் பயிற்சிக்கு இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையில் விசாரிக்கலாம். தொழிற்பயிற்சி பற்றி பிரதேச செயலகத்தில் உள்ள மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்கலாம்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடந்தோறும் வெளியிடும் அனுமதிக் கைநூல் தமிழிலும் கிடைக்கிறது. வைத்தியம் மட்டுமல்ல, உயிரியல் படித்த பிள்ளைக்கு எத்தனை வாசல் இருக்கிறது என்று அதில் பார்க்கலாம். பிள்ளையோடு சேர்ந்து தாயும் இருந்து வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவர் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். முடியுமானால் ஒரு தரம் பஸ் ஏறி, பிள்ளை போக ஆசைப்படும் இடத்தை இருவருமாகப் பார்த்து வாருங்கள். கண்டி றோட் இப்போது திறந்துதான் இருக்கிறது.